பட்டியலில் ஏறாத நெய்

முதல் நாள் அதைப் பார்த்தபோது, குளியலறைத் தரையில் யாரோ அரிசி கழுவிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். இரண்டாம் நாள், அது என்னிடமிருந்துதான் வருகிறது என்று தெரிந்தது. மூன்றாம் நாள் சுத்தமான பாட்டில் ஒன்றில் பிடித்து, செய்தித்தாளில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. திருவனந்தபுரத்தில், உணவுப் பொருள்களில் கலப்படம் உண்டா என்று பார்க்கும் ஓர் ஆய்வகத்தில் வேலை. என் மேசைக்கு வருபவை பெரும்பாலும் எண்ணெய்யும் நெய்யும். நெய்யில் தேங்காயெண்ணெய் கலந்திருந்தால், கொழுப்பு அமிலங்களை நீராவியோடு வடித்து அளந்து பார்த்துச் சொல்லிவிடுவேன்.

அன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, பாட்டிலில் இருந்ததைச் சோதனைக் குழாயில் எடுத்து ஈதர் (கொழுப்பைக் கரைக்கும் திரவம்) விட்டுக் குலுக்கினேன். வெண்மை கரைந்து மேலே போயிற்று. கீழே சாதாரண மஞ்சள் நிறம் நின்றது. சீழாக இருந்தால் இப்படித் தெளியாது. ஆகவே அது கொழுப்பு.

பக்கத்து மேசை லீலாம்மா, மலையாளக் கிறிஸ்தவப் பெண், சீக்கிரமே திரும்பி வந்துவிட்டாள்.

"எந்தா கோமதி, இது யாரு கொண்டுவந்த பாலு? பாதியும் வெள்ளம்தான் போல."

"பால் இல்லை. என்னோட யூரின்."

லீலாம்மா குழாயை என் கையிலிருந்து வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். நானும் வரேன்" என்றாள்.

என் நோய்க்குப் பெயர் தெரியாவிட்டாலும், அதில் என்ன இருக்கிறது என்பதை எந்த டாக்டருக்கும் முன்னால் கண்டுபிடித்தவள் நான்தான். இதில் பெருமைப்பட ஏதுமில்லை என்பது போகப் போகத் தெரியும்.

டாக்டர் மலையாளி. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வரும் நோயாளிகளோடு பேசிப் பேசி ஒரு மாதிரித் தமிழ் பழகியிருந்தார். இரவில் எடுத்த ரத்தத்தின் முடிவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"யானைக்கால் புழு. காலுக்குப் போகாம உள்ளே போயிட்டுது, கேட்டோ. காலு தப்பிச்சுது. கிட்னிக்குத்தான் கஷ்டகாலம்."

கைலூரியா என்று இதற்குப் பெயர் (உணவிலுள்ள கொழுப்பைச் சுமந்து செல்லும் நிணநீர், சிறுநீரோடு கலந்து வெளியேறுவது). நாம் சாப்பிடும் கொழுப்பு நேராக ரத்தத்துக்குப் போவதில்லை. குடலிலிருந்து நிணநீர்க் குழாய்களுக்குள் வெள்ளையாக ஏறி, சுற்றிக்கொண்டு போய்த்தான் ரத்தத்தில் சேர்கிறது. புழு அந்தக் குழாய்களை அடைத்துவிட்டால், உள்ளே அழுத்தம் கூடி, சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ உடைப்பு ஏற்படுகிறது. அதன் வழியாகக் கொழுப்பும் புரதமும் போய்விடுகின்றன. ஊரின் பழைய கோட்டைக்குள் எங்கள் தெருவில் ஓடும் சாக்கடையும் கொசுவும் எல்லோருக்கும் பொதுவாகத்தான் இருந்தன. எனக்கு மட்டும் ஏன் என்று டாக்டரைக் கேட்கவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

புழுவுக்கு மூன்று வாரம் மாத்திரை. உடைப்புக்கு மாத்திரை கிடையாது.

"ஆறு வாரம் பார்ப்போம். கொழுப்பை நிறுத்தணும். குறைக்கறதில்லை, நிறுத்தறது. உடைஞ்ச இடத்துக்கு வேலை கொடுக்காம இருந்தா தானே மூடிக்கலாம். மூடலைன்னா குழாய் விட்டு மருந்து வெச்சுக் கழுவணும். அதில் கிட்னி கெட்டுப்போகவும் சான்ஸ் உண்டு. எனக்கு அது செய்ய இஷ்டமில்லை. அதனால ஆறு வாரம் சரியா இருங்க."

அப்போதுதான் வேறு வகைக் கொழுப்பு ஒன்றைப் பற்றிச் சொன்னார். கொழுப்பு அமிலம் என்பது கரி அணுக்கள் கோத்த சங்கிலி. நெய், நல்லெண்ணெய், கடலையெண்ணெய் எல்லாவற்றிலும் சங்கிலி நீளம். சங்கிலி நடுத்தரமாக இருந்தால் அது நிணநீர்ப் பக்கம் போவதே இல்லை. குடலிலிருந்து நேரே கல்லீரலுக்கு ரத்தத்தில் போய்விடுகிறது. உடைப்பைத் தொடாமலே உடம்புக்குச் சக்தி கொடுக்கும். தேங்காயெண்ணெய்யிலிருந்து அந்தப் பகுதியை மட்டும் பிரித்து வெளிநாடுகளில் டின்னில் அடைத்து விற்கிறார்கள்.

"இங்கே தென்னை இருக்கு, டின் இல்லை" என்றார் டாக்டர்.

டின் லீலாம்மா மூலம் வந்தது. அவள் கணவர் வளைகுடாவில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். விடுமுறையில் வந்த ஒருவரிடம் இரண்டு டின் கொடுத்தனுப்பினார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாக ஆறு வாரத்துக்கு வரும். அதற்கு மேல் ஒரு நாளும் வராது.

இந்த எண்ணெய்யைப் பயன்படுத்தப் போகிறவர்களுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். முதல் நாளே முழு அளவும் எடுத்தால் வயிற்றைக் கலக்கும். அரைக் கரண்டியில் ஆரம்பித்து ஒரு வாரத்தில் ஏற்ற வேண்டும். அடுப்பில் வைத்தால் சீக்கிரம் புகையும். சமைத்து இறக்கியபின் மேலே விட்டுக்கொள்வது நல்லது. வாசனையும் ருசியும் இல்லை. இது நோயைக் குணமாக்காது. பட்டினி கிடக்காமல் நோயை ஆறவிட உதவும், அவ்வளவுதான். கடையில் வாங்கும் தேங்காயெண்ணெய் இதற்கு ஈடாகாது. அதில் இந்த வகை சிறிய பங்குதான். மீதியில் பெரும்பகுதி வழக்கமான பாதையில்தான் போகிறது.

இந்தக் கடைசி விஷயத்தை வீட்டில் விளங்கவைக்க என்னால் முடியவில்லை. அப்பாவின் இதய டாக்டர் தேங்காயெண்ணெய்யைத் தொடக்கூடாது என்று சொல்லி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"அப்பாவுக்கு விஷம், உனக்கு மருந்தா?" என்றாள் அம்மா. "ரெண்டும் ஒரே தென்னைலேர்ந்துதானே வரது?"

"ரெண்டு டாக்டருக்கும் ஃபீஸ் வேண்டாமா அம்மா?" என்று சமையலறையிலிருந்து மன்னி குரல் கொடுத்தாள். மன்னி என் அண்ணாவின் மனைவி. சமையல் அவளுடையது, பரிமாறுவது அம்மா. எங்கள் வீட்டில் அப்படித்தான்.

நான் பட்டியல் போட்டேன். பட்டியல் போடுவது என் வேலை மட்டுமில்லை, சுபாவமும்கூட. கூடாதவை: நெய், வெண்ணெய், ஆடை எடுக்காத பால், எல்லா எண்ணெய்யும், தேங்காய், நிலக்கடலை, எள், முந்திரி, அப்பளம் பொரித்தது. கூடும்: சாதம், இட்லி, ஆடை எடுத்த மோர், வேகவைத்த பருப்பு, காய், பழம், சர்க்கரை, டின் எண்ணெய். சமையலறைச் சுவரில் ஒட்டினேன். தனியாக ஒரு நோட்டில், ஒவ்வொரு வேளையும் என்ன சாப்பிட்டேன், எவ்வளவு, மறுநாள் காலையில் சிறுநீர் எப்படி என்று எழுதினேன். தெளிவு, லேசான கலங்கல், பால், பால் கட்டியோடு என்று நான்கு தரம் வைத்திருந்தேன்.

ஆறு வாரமும் பால். சில நாள் கட்டியோடு. நாற்பத்தாறு கிலோ இருந்தவள் முப்பத்தெட்டுக்கு வந்தேன். புடவைக் கொசுவம் ஒன்றுக்கு இரண்டாகச் சேர்ந்தது. பெண் பார்க்க வருவதாக இருந்த தென்காசிக்காரர்களுக்கு, எனக்கு மஞ்சள்காமாலை என்று அண்ணா எழுதிப்போட்டான். இரண்டாவது டின்னின் அடியைச் சுரண்டிய அன்று, நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

அவர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார்.

"இவ்வளவு சுத்தமா டயட் எழுதின பேஷண்ட்டை நான் பார்த்ததில்லை" என்றார். "டயட்டில் தப்பில்லை. அப்போ உடைப்பு பெரிசாயிருக்கும். இனி வேற வழியில்லை."

ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று மாலை ஒரு நர்ஸ், ரொட்டியில் கனமாக வெண்ணெய் தடவிக் கொண்டுவந்தாள். எந்தச் சிறுநீரகத்திலிருந்து பால் வருகிறது என்று கருவி வழியாகப் பார்க்க வேண்டும். அதற்குப் பால் நன்றாக வர வேண்டும். ஆறு வாரத்துக்குப் பிறகு வெண்ணெய். அது ருசியாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

இடது பக்கம் என்று தெரிந்தது. மெல்லிய குழாயைச் சிறுநீரகம்வரை ஏற்றி, வெள்ளி நைட்ரேட் கரைசலை விட்டார்கள். உடைந்த இடத்தைப் பொசுக்கித் தழும்பாக்கி அடைப்பது அதன் வேலை. ஆய்வகத்தில் உப்பை அளக்க நான் தினமும் எடுக்கும் அதே பொருள். தோலில் பட்டால் கறுக்கும். என் விரல் நுனிகளில் அந்தக் கறை எப்போதும் இருந்தது. அது உள்ளே போனால் எப்படி வலிக்கும் என்று நான் யோசித்துப் பார்த்ததில்லை. மூன்று தடவை விட்டார்கள். மூன்றாவதற்குப் பிறகு குளிர்காய்ச்சல். இடுப்புக்கு மேலே இடது பக்கம் யாரோ திருகாணியை முடுக்குவது போல ஒன்பது நாள் இருந்தது. பத்தாம் நாள் சிறுநீர் தெளிந்தது.

வீட்டில் எல்லோரும் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தார்கள். நோட்டில் 'தெளிவு' என்று எழுதினேன். வைத்தியம் பலித்தது. ஏழு மாதம்.

எட்டாவது மாதம் மறுபடியும் பால் வந்தபோது நான் அழவில்லை. பட்டியல் சுவரில் அப்படியே இருந்தது. நான் அதை மீறவில்லை. டயட்டில் தப்பில்லை என்றுதான் டாக்டரும் சொன்னார். மறுபடி கழுவ வேண்டியிருக்கும்; அதற்குமுன் சாயம் ஏற்றிச் சிறுநீரகத்தைப் படமெடுக்க வேண்டும். ஆனால் அந்த வாரம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிலிம் தீர்ந்துபோயிருந்தது. படுக்கையை விட்டால் மறுபடி கிடைக்காது. படுத்துக்கொண்டே காத்திருக்கச் சொன்னார்கள். எப்போது படம் என்று தெரியாததால், இந்த முறை யாரும் வெண்ணெய் கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை சிறுநீர் லேசாகத்தான் கலங்கியிருந்தது. நான்காம் நாள் தெளிவு. ஐந்தாம் நாளும் தெளிவு. யாரும் எனக்கு எதுவும் செய்யவில்லை. மாத்திரை இல்லை, டின் எண்ணெய் இல்லை, கழுவவில்லை.

நோட்டைப் பிரித்து வீட்டு நாட்களையும் ஆஸ்பத்திரி நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே மன்னி, அதே அரிசி, அதே கூட்டு, அதே மோர். இரண்டு வேளையும் அண்ணா கேரியரில் வீட்டுச் சாப்பாடுதான் கொண்டுவந்தான். படுத்திருப்பதால் குறைகிறதோ என்றால், முன்பு வீட்டில் படுத்திருந்த நாட்களிலும் பால்தான்.

அன்று கேரியரோடு மன்னியே வந்தாள்.

"மன்னி, ஆத்துல நான் சாப்பிடறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஆறிப்போயிருக்கும். வேறென்ன?"

"உப்பு, புளி, தாளிக்கறது எல்லாம் அதேதானா?"

"உனக்குத் தாளிக்கறதே இல்லையே கோமு. எண்ணெய் இல்லாம கடுகை வெறும் சட்டில வெடிக்க விட்டுப் போடறேன், அது அங்க நாலு தெறிக்கறது, என் மூஞ்சில நாலு தெறிக்கறது. எல்லாம் அதேதான்." அடுக்கைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்: "அன்னசுத்தி ஒண்ணுதான் இதுல இல்லை. இலைல சாதம் விழுந்தாத்தானே அது. கேரியருக்கு ஏது?"

தெரியாதவர்களுக்கு: எங்கள் வீடுகளில் இலையிலோ தட்டிலோ சாதம் விழுந்தவுடன், அதன்மேல் ஒரு சொட்டு நெய் விடுவார்கள். அதற்குப் பிறகுதான் அது சாப்பிடத் தகுந்த அன்னம். நெய்யில்லாமல் சாதம் போடுவது அசுபம். பருப்புக்கு விடும் நெய் வேறு, தோசைக்கு விடும் நெய் வேறு. அவை சாப்பாடு. இது சாப்பாடு அல்ல. சாப்பிடுமுன் கை கழுவுவது போல ஒன்று.

காலை ஒன்பது மணிக்கு ஆபீசுக்குப் போகுமுன் ஒரு தடவை, இரவு ஒரு தடவை. அதை நான் பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது. பார்த்தேன். ஒவ்வொரு வேளையும் என் கண்ணெதிரேதான் அம்மா விட்டாள். நெய்யைப் பகல் முழுதும் சோதிக்கிற நான், அந்த நெய்யைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நோட்டில் 'சாதம், பருப்பு, மோர்' என்று எழுதினேன். ஓரிடத்திலும் அது இல்லை. யாரும் என்னிடம் எதையும் மறைக்கவில்லை.

மறுநாள் பிலிம் வந்தது. படம் எடுத்தார்கள். வலது சிறுநீரகம் வெள்ளையாக, முழுதாகத் தெரிந்தது. இடப்பக்கம் ஒன்றும் தெரியவில்லை. அது சாயத்தை வாங்கவே இல்லை.

"முதல்ல கழுவினதுக்குப் பிறகு வந்த காய்ச்சலில் போயிருக்கும்" என்றார் டாக்டர். "அது இனி வேலை செய்யாது. இப்போ வர பால் வலது பக்கத்திலேர்ந்து. கழுவறதானா, உள்ள ஒரே கிட்னியில கழுவணும்."

"கழுவ வேண்டாம் டாக்டர்." ஐந்து நாள் கணக்கைக் காட்டினேன். நெய்யைப் பற்றிச் சொன்னேன்.

அவர் பழைய பக்கங்களைத் திருப்பினார். "இதில் நெய் எழுதலையே."

"எழுதலை."

"இத்தனையும் எழுதினீங்க. மோர் எத்தனை டம்ளர்னு வரை எழுதியிருக்கு."

"ஆமாம்."

முதல் ஆறு வாரத்தில் நெய் இல்லாமல் இருந்திருந்தால் உடைப்பு தானே மூடியிருக்குமா, கழுவாமல் தப்பியிருக்கலாமா என்று கேட்டேன். டாக்டர் நோட்டை மூடி என்னிடம் கொடுத்தார்.

"மூடியிருக்கலாம். மூடாமலும் இருக்கலாம். இனி அது தெரிஞ்சு என்ன காரியம்?"

அன்றே வீட்டுக்கு அனுப்பினார்.

மறுநாள் ஆய்வகத்திலிருந்து எடை பார்த்த கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை எடுத்துவந்து அம்மாவிடம் நீட்டினேன்.

"அன்னசுத்திக்கு எனக்கு விடற மாதிரி இதுல விடு."

அம்மா நெய்க்கரண்டியால் விட்டாள். ஒரு முறை. மறுபடி ஒரு முறை. மூன்றாவது பாதி.

"இதுதான் சொட்டா?"

"அப்பாவுக்கும் அண்ணாவுக்கும் சொட்டுதான். நீ எலும்புந்தோலுமா வந்து உக்கார்றே. உனக்குச் சொட்டு விட எனக்குக் கை வரலை."

"நெய் கூடாதுன்னு சுவத்துல எழுதி ஒட்டியிருக்கேன்."

"ஒட்டினே. அதைப் பார்த்துத்தான் பருப்புக்கு நிறுத்தினேன், தோசைக்கு நிறுத்தினேன், ரசத்துக்கு நிறுத்தினேன். அன்னசுத்தி கூடாதுன்னு எங்க எழுதியிருக்கே, காட்டு. படிச்சவ நீ. நித்தியம் ரெண்டு வேளை உன் முன்னாலதானே விட்டேன்? ஒரு நாள், ஒரே ஒரு நாள், வேண்டாம்னு கையை மறிச்சியா?"

அம்மா நியாயம் பேசி ஜெயித்ததை அன்றுதான் பார்த்தேன். அவள் முகத்தில் ஜெயித்தவளின் களை எதுவும் இல்லை.

மறுநாள் எடை போட்டேன். கிண்ணத்தைக் கழித்துப் பதினோரு கிராம். ஒரு வேளைக்கு. நான் மெலிய மெலிய அது கூடிக்கொண்டு வந்திருக்கும். கூடக்கூட நான் மெலிந்திருப்பேன். லீலாம்மா தராசைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கலப்படம் உண்டா?" என்று மெதுவாகக் கேட்டாள். சுத்தமான நெய்.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது டாக்டர் உணவுப் பட்டியல் கொடுத்திருந்தால், அதோடு ஒரு காரியம் செய்யுங்கள். சாப்பாடு என்று நீங்கள் நினைக்கும் எதையும் எழுத வேண்டாம். அது எப்படியும் நினைவிருக்கும். வாய்க்குள் போகிற, ஆனால் சாப்பாடு என்று உங்கள் வீட்டில் யாரும் நினைக்காதவற்றை எழுதுங்கள். பிரசாதம், ருசி பார்த்தது, மாத்திரையை விழுங்கக் குடித்த பால், விரதத்தன்று விரதத்தில் சேராதது. எழுதி முடித்ததை வேறு ஜாதியோ வேறு மதமோ உள்ள ஒருவரிடம் காட்டி, ஒரு வேளை பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். லீலாம்மா ஒரு நாள் எங்கள் வீட்டில் என் எதிரே உட்கார்ந்திருந்தால் முதல் வாயிலேயே கேட்டிருப்பாள். அம்மா அவளைச் சமையலறைக்குள் விட்டிருக்க மாட்டாள் என்பது வேறு விஷயம். அவளை வீட்டுக்கு அழைக்க எனக்கும் தோன்றவில்லை என்பது இன்னொரு விஷயம்.

மூன்று வருஷம் ஆகிறது. சிறுநீர் தெளிவாக இருக்கிறது. எடை நாற்பத்து மூன்று. டின் எண்ணெய் கிடைக்கும்போது எடுக்கிறேன். கிடைக்காதபோது கொழுப்பில்லாமலே இருக்கப் பழகிவிட்டேன்.

உடம்பைப் பற்றிய நினைப்பு மாறியிருக்கிறது. முன்பெல்லாம் அது ஒரே பொருளாக இருந்தது. இப்போது வலம், இடம் என்று இரண்டு. இடப்பக்கம் வலியில்லை, ஒன்றுமே இல்லை. ஆள் குடியில்லாத அறையைப் பூட்டி வைத்திருப்பது போல அதைச் சுமந்துகொண்டு பஸ் ஏறுகிறேன். வலப்பக்கம் யாராவது கூட்டத்தில் இடித்தால் உடனே கை போய் மறைக்கிறது.

நேரமும் முன்போல இல்லை. மற்றவர்களுக்குச் சாப்பாடு எழுந்து கை கழுவினால் முடிந்துவிடுகிறது. எனக்கு அது மறுநாள் காலையில்தான் முடிகிறது. நேற்று எப்படி இருந்தது என்பது இன்று விடிந்த பிறகுதான் தெரியும். இன்றைப் பற்றி இன்று எனக்கு ஒன்றும் தெரியாது. கல்யாணம், வேறு ஊரில் வேலை என்று அண்ணா பேசும்போது, அவன் வருஷக் கணக்கில் பேசுகிறான், நான் நாள் கணக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அம்மா எனக்குப் பரிமாறுவதில்லை. வெறும் சாதத்தைப் பெற்ற பெண்ணின் தட்டில் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதில் கோபமில்லை, முடியவில்லை, அவ்வளவுதான். நானே போட்டுக்கொள்கிறேன். எல்லோரும் எழுந்தபின் அவள் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறாள். தன் சாதத்துக்கும் நெய் விட்டுக்கொள்வதை நிறுத்திவிட்டாள். எப்போதிலிருந்து என்று தேதி எழுதி வைக்கவில்லை.

நான் அவளை நிறுத்தச் சொல்லவில்லை. விட்டுக்கொள் என்று சொன்னால் ஒருவேளை விட்டுக்கொள்வாள். மூன்று வருஷமாகத் தினம் இரண்டு வேளை அவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் சொல்லவில்லை.